தென்காசியில் சாரல், சென்னையில் அனல்: இரண்டும் ஒரே காற்று

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்காசியைச் சேர்ந்த ஒரு தம்பி ஜூன் முதல் வாரத்தில் சென்னையில் வேலையில் சேரப்போகிறார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார். "எங்கள் ஊரில் ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் வெயில் போன இடம் தெரியாது. சென்னையிலும் அப்படித்தானே? இங்கே மழைக்காலம் எப்போது? வெள்ளம் என்கிறார்களே, வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: தணியாது. பெரும்பாலான ஆண்டுகளில் நீங்கள் வந்து இறங்கப்போகும் அந்த வாரத்தில்தான் சென்னை நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும். உங்கள் ஊருக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே மேல்காற்றுதான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்றுதான், இங்கே அனலைக் கொண்டுவருகிறது. இது ஒன்று புரிந்துவிட்டால் இந்த ஊரின் பன்னிரண்டு மாதமும் பிடிபட்டுவிடும். நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன். காலண்டரைவிட, மொட்டை மாடிக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதைத்தான் நான் நம்புகிறேன்.

தென்மேற்குக் காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு கிளம்பி மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. செங்கோட்டைப் பக்கம் மலை கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுவதால் அதில் ஒரு பங்கு உங்களுக்குச் சாரலாக வந்து சேர்கிறது. சென்னைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மலையைத் தாண்டி, கர்நாடக மேட்டு நிலத்தையும் காய்ந்து கிடக்கும் உள்மாவட்டங்களையும் கடந்து காற்று இங்கே வரும்போது அதில் ஈரமே இருக்காது. மேட்டிலிருந்து இறங்க இறங்கச் சூடேறும். வழியில் தரையின் வெப்பத்தையும் வாரிக்கொண்டு வரும். கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. அதை ஒட்டிய நாட்களில்தான் இங்கே மேல்காற்று வலுக்கும்.

அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் முடிந்தது என்று இங்கேயும் நிறையப் பேர் நம்புகிறார்கள். கத்திரி என்பது சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. பஞ்சாங்கம் சூரியனின் நட்சத்திரத்தை வைத்துக் குறிக்கும் கணக்கு அது. சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது அதற்கும் முன்னால், ஏப்ரல் கடைசி வாரத்தில். அப்போதும் உச்ச வெப்பம் வராது. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ். தேதி 2003 மே 31. கத்திரி முடிந்து மூன்றாம் நாள். சூரியன் நிற்கும் இடத்தைவிடக் காற்று வரும் திசை இங்கே பெரிது என்பதற்கு இந்தத் தேதியைத்தான் எல்லோரிடமும் காட்டுவேன்.

சென்னையின் கோடையைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது கடற்காற்று. காலை பத்து மணிக்கு மேல் தரை சூடேறும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. தரைமேல் இருக்கும் காற்று லேசாகி மேலெழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இது பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடும். அதனால்தான் ஏப்ரலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டினாலும் சென்னை அதற்குக் கீழேயே நின்றுகொள்கிறது. மே கடைசியில் மேல்காற்று வலுத்தால் கதை மாறும். கடற்காற்று உள்ளே வரப் பார்க்கும், மேல்காற்று அதைக் கரையிலேயே பிடித்து நிறுத்தும். மதியம் இரண்டு மணி, மூன்று மணி வரை இந்த இழுபறி நடக்கும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். சில நாட்களில் கடற்காற்று வராமலே போய்விடும். அந்த இரவுகள் மோசமானவை. விடியற்காலையில்கூட 30 டிகிரி இருக்கும்.

இந்த இழுபறியை ஒருநாள் நீங்களே மாடியில் நின்று பார்க்கலாம். மே கடைசி, மதியம் இரண்டரை மணி. கொடியில் போட்ட வேட்டி கிழக்கு நோக்கி, கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருக்கும். அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துவிடும். உதட்டில் வெடிப்பு எடுக்கும். வேர்வை உடம்பில் நிற்காது. திடீரென்று காற்று நின்றுபோகும். வேட்டி அப்படியே தொங்கும். வேப்பமரத்தில் ஓர் இலை ஆடாது. இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் வேட்டியின் கீழ்நுனி மெல்ல மேற்கே திரும்பும், ஒருமுறை படபடக்கும், பிறகு முழுசாக மறுபக்கம் பறக்க ஆரம்பிக்கும். கிழக்கு ஜன்னல் கதவு ஒன்று எங்கோ அடித்துக்கொள்ளும். கால் மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். அந்த நிமிடத்துக்காகவே மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. அனல் போனதும் புழுக்கம் வரும், உடம்பு பிசுபிசுக்கும். அது வேறு விஷயம். ஆனால் மூச்சு விட முடியும்.

இதனால் ஒரே ஊருக்குள் இரண்டு கோடை இருக்கிறது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடற்காற்று முதலில் நுழையும். அங்கே ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், ஆனால் மாலையில் திண்ணையில் உட்காரலாம். அதே காற்று போரூர், பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கம் போய்ச் சேர நேரமாகும். போகும்போது வழியில் பாதிக் குளிர்ச்சி செலவாகிவிடும். வானிலைச் செய்தியில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு எண்கள் சொல்வார்கள். கோடையில் பெரும்பாலும், கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் கூடுதலாக இருப்பதற்கும் இதுவே காரணம். உங்கள் அலுவலகம் எந்தப் பக்கமோ, அந்த எண்ணைப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். வந்ததும் முதல் மூன்று வாரம் பதினோரு மணிக்கு மேல் அவர்களை வெளியே அனுப்ப வேண்டாம். சாரலுக்குப் பழகிய உடம்பு ஜூனில் இதை எதிர்பார்த்திருக்காது. நுங்கு கிடைக்கும் காலம்தான், தினமும் வாங்கிக் கொடுங்கள். நல்ல மீனுக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

ஜூன் பாதிக்குப் பிறகு வேறொன்று தொடங்கும். பகலில் காய்ந்த தரையும், மாலையில் கடற்காற்று கொண்டுவரும் ஈரமும் சேர்ந்து மேற்கே காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் இடிமேகங்களைக் கட்டும். மேலடுக்கில் மேல்காற்று வீசுவதால் அவை கிழக்கே நகர்ந்து இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சென்னைக்கு வரும். வானிலை மையம் இதை வெப்பச்சலன மழை என்று சொல்லும். தூசியைக் கிளப்பும் காற்று, மின்னல், அரைமணி நேரத்துக்குக் கனமழை, பிறகு வானம் வெளுத்துவிடும். அண்ணா நகரில் கொட்டும். அடையாறில் ஒரு துளி விழாது. ஆகஸ்ட், செப்டம்பரில் இது அடிக்கடி நடக்கும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ.; அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த நான்கு மாத இரவு மழையிலிருந்து வருகிறது. "சென்னைக்குத் தென்மேற்குப் பருவமழை கிடையாது" என்று பேச்சுவழக்கில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1996 ஜூன் நடுவில் வங்கக்கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு மீனம்பாக்கத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. கத்திரி முடிந்த கையோடு வெள்ளம். அப்படியும் நடந்திருக்கிறது, ஆனால் அபூர்வம்.

சரி, உண்மையான மழைக்காலத்துக்கு வருவோம்.

அக்டோபர் முதல் பாதி ஏமாற்றும். மேல்காற்று அடங்கிவிட்டிருக்கும், கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று இன்னும் வந்திருக்காது. காற்றே இல்லாத அந்த இரண்டு வாரத்தில் புழுக்கம் மே மாதத்தைவிடத் தாங்க முடியாததாக இருக்கும். பிறகு ஒருநாள் காலையில் காற்று வடகிழக்கிலிருந்து சீராக வரத் தொடங்கும். பகலில் மட்டும் வந்து போகும் கடற்காற்று போல இல்லாமல் இரவிலும் நிற்காமல் வீசும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. வானிலை மையம் நல்ல மழை பெய்தவுடனே அறிவித்துவிடாது. தென்மேற்குப் பருவமழை விலகியதா, கடலோரத்தில் கிழக்குக் காற்று நிலைத்ததா, அது போதிய உயரம் வரை இருக்கிறதா, மழை பரவலாகப் பெய்கிறதா என்று பார்த்துத்தான் அறிவிக்கும். காற்றின் திசைதான் அவர்களுக்கும் முதல் சாட்சி. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது; தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஒருமுறை அதைப் பாருங்கள்.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது இந்தக் கரைக்காகவே சொன்னது போல இருக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 செ.மீ.க்கு மேல், நவம்பர் ஒன்றே அதில் பாதியை எட்டும். ஆனால் மூன்று மாதமும் மழை பெய்துகொண்டே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சாரல் காற்றோடு சேர்ந்து நாள் முழுக்கத் தூறும். இங்கே வடகிழக்குக் காற்று தானாகப் பெரிதாக ஒன்றும் தராது. கடலில் ஒரு சுழற்சியோ, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியோ உருவாகி அந்த ஈரக்காற்றைத் திரட்டி மேலே தூக்க வேண்டும். அது வந்தால் மூன்று நாள், நான்கு நாள் விடாமல் பெய்யும். அது போய்விட்டால் பத்து நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும், துவைத்ததெல்லாம் காயும், "மழை போயிடுச்சுப்பா" என்று ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். அப்புறம் அடுத்த சுற்று. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் மழை நாட்கள் அறுபதைத் தாண்டினால் அதிகம். அதிலும் நாலைந்து நாள் பெய்வதுதான் அந்த ஆண்டின் தலையெழுத்தை எழுதும்.

இன்னொன்று: இங்கே பருவமழை இரவில், குறிப்பாகப் பின்னிரவில்தான் பலமாகப் பெய்யும். இரவில் தரை குளிர்ந்து, தரைப்பக்கமிருந்து ஒரு மெல்லிய காற்று கடலை நோக்கிப் போகும். கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்று அதைக் கரைக்குப் பக்கத்திலேயே சந்திக்கும். இரண்டும் முட்டும் இடத்தில் மேகம் எழும்பும், கீழ்க்காற்று அதை ஊருக்குள் தள்ளும். இரண்டு மணிக்கு ஓட்டின்மேல் சடசடவென்று ஆரம்பித்து ஏழு, எட்டு மணி வரை பெய்யும். பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். பள்ளிக்கு விடுமுறை அறிவித்த பிறகு வெயில் அடிப்பதும், அறிவிக்காத நாளில் ஆறு மணிக்கு முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளை அழைத்துப் போவதும் இதனால்தான். நான் மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். காலை 8.30-க்கு அளப்பேன், வானிலை மையத்தின் நாள் கணக்கும் 8.30-லிருந்து 8.30 வரைதான். குடையைப் பிடித்துக்கொண்டு குழலை எடுத்து, தண்ணீர் மேற்பரப்பின் அடி வளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்கும்போது கை நடுங்கிய காலைகள் உண்டு. 2015 டிசம்பர் 2 காலை அப்படிப்பட்டது.

அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. அதற்கு முன் நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. ஏரிகள் நிறைந்திருந்தன, மண் இனி குடிக்க மாட்டேன் என்ற நிலையில் இருந்தது. அதன்மேல் இது. அடையாறு கரை உடைத்துக்கொண்டு ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று புகுந்தது. விமான நிலையத்தை மூடினார்கள். எங்கள் உறவினர் ஒருவர் இரண்டாம் மாடிக்கு வந்த படகில் பேரக்குழந்தையை இறக்கிக் கொடுத்துவிட்டு, தானும் அம்மாவும் மறுநாள் வந்த படகுக்குக் காத்திருந்தார். இன்றும் அவர் நவம்பர் வந்தால் சான்றிதழ்களையும் நிலப் பத்திரத்தையும் பரண்மேல் ஏற்றிவிடுவார்.

மழை அளவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் கூவம், அடையாறு, கொசஸ்தலை ஆறுகளின் வழியாகவும் பக்கிங்காம் கால்வாய் வழியாகவும்தான் கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டியிருக்கும். கடல் பொங்கியிருக்கும் நேரத்தில் உள்ளே எடுத்துக்கொள்ளாது. முன்பு இந்தத் தண்ணீர் ஏரி, குளம், சதுப்பு நிலத்தில் தங்கிப் போனது. தியாகராய நகரின் பெரும்பகுதியே 1920-களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியைத் தூர்த்து உருவானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் வந்து விரிந்து படுக்க வேண்டிய அந்த நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே சாலையும் கட்டடமும் ஆகிவிட்டது. அதை ஒட்டிய வேளச்சேரியில் ஆண்டுதோறும் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த மக்கள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை, பட்டவர்கள்.

புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா நேராகச் சென்னையைக் கடந்தது. காலையிலிருந்து காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடித்தது. மதியத்துக்குமேல் அதன் கண் ஊர்மேல் வந்தபோது எல்லாம் அடங்கியது. தெருவில் ஆட்கள் இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் விழுந்த கிளையை இழுத்து ஓரம் போட ஆரம்பித்தார். நான் மாடியிலிருந்து, "சார், உள்ளே போங்க, இன்னும் பாதி பாக்கி இருக்கு" என்று கத்தினேன். சிறிது நேரத்தில் காற்று தெற்கிலிருந்து திரும்ப வந்தது. காலை முழுக்க வடக்குக் காற்றைத் தாங்கி நின்ற எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரம், அப்போது எதிர்ப்பக்கம் தள்ளியதும் வேரோடு சாய்ந்தது. அன்று சென்னை இழந்த மரங்கள் ஆயிரக்கணக்கில். அடுத்த கோடையில் எங்கள் தெருவில் நிழல் என்பதே இல்லை. புயல் நாளில் காற்று சட்டென்று நின்றால் வெளியே போகாதீர்கள் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

வர்தா காற்றுப் புயல். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் வந்த மிக்ஜாம் மழைப் புயல். அது சென்னையைக் கடக்கவே இல்லை. கரையோரமாக மெதுவாக ஊர்ந்து போய் டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியது. ஆனால் ஊர்ந்து போன அந்த இரண்டு நாளில் நகரின் பல இடங்களில் 40 செ.மீ. அளவுக்குக் கொட்டிவிட்டது. எனவே புயலின் பெயரையும் எச்சரிக்கையின் நிறத்தையும் பார்ப்பதோடு, அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் பாருங்கள். கரைக்குப் பக்கத்தில் வந்து தயங்கும் புயலுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

வெள்ளம் வரும் இதே ஊரில்தான் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. நான்கும் சேர்ந்து சுமார் 11 டி.எம்.சி. பிடிக்கும்; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஊருக்கு ஆண்டு முழுக்க வேண்டியதில் பெரும்பங்கு அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைச் சுற்றுகளில்தான் சேர வேண்டும். ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் வீராணம் ஏரி நீரும் கடல்நீர் சுத்திகரிப்பும் கைகொடுக்கின்றன, ஆனாலும் நவம்பர் பொய்த்தால் மே மாதம் லாரித் தண்ணீர்தான். வர்தா வந்த 2016-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்த ஆண்டுகளில் ஒன்று. மரங்களையெல்லாம் சாய்த்த புயல் வந்தும், அடுத்த மாதமே மாநிலத்தை வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, அவசியம் கேளுங்கள்.

எந்த ஆண்டு நன்றாகப் பெய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓரளவுக்கு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தூக்கலாக இருக்கும், 2015 அப்படி. அந்தக் கடல் குளிரும் லா நினா ஆண்டில் குறையும் என்பார்கள். ஆனால் 2021 லா நினா ஆண்டுதான். அந்த நவம்பரிலும் சென்னை மூழ்கியது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, மார்கழி பாதி ஆகி, எல்லோரும் குடையை உள்ளே வைத்துவிட்ட பிறகு, மதியத்திலிருந்து இரவுக்குள் எம்.ஆர்.சி. நகர் பகுதியில் 20 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை என்ற பழமொழி தோற்ற நாள் அது. முன்னறிவிப்பிலும் அது பிடிபடவில்லை. ஆகவே நவம்பரில் ஒரு வாரத்துக்கு முந்தைய முன்னறிவிப்பை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அன்று இரவு ரேடார் படத்தைப் பாருங்கள். துறைமுகத்தில் ஒன்று, பள்ளிக்கரணையில் ஒன்று என்று சென்னைக்கு இரண்டு ரேடார்கள் உண்டு. படங்கள் வானிலைத் துறை இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். மேகம் கடலிலிருந்து அடுத்தடுத்து வரிசையாக வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சென்னை நல்ல ஊர். காலையில் 20, 21 டிகிரி. மார்கழிக் கோலம், சபாக் கச்சேரிகள், மாடியில் போர்த்திக்கொண்டு காபி. போகி அன்று விடியற்காலையில் புகையும் பனியும் கலந்து விமானங்களே தாமதமாகும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று ஜன்னலைத் திறக்கக் கூடாது. இந்த ஊரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. கம்பளி எல்லாம் தென்காசியிலேயே இருக்கட்டும். பிறகு மார்ச்சில் தெற்கிலிருந்து காற்று வரத் தொடங்கும், மழை என்பதே மறந்துபோகும், மறுபடி கோடை.

வீடு விஷயம். நீங்கள் ஜூனில் பார்க்கும் வீடு எல்லாம் வறண்ட தெருவில் அழகாகத்தான் இருக்கும். தெருவைவிட வாசற்படி எத்தனை அடி உயரம் என்று பாருங்கள். சாலையை மேல் மேல் போட்டு உயர்த்தியதால் பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன. சம்ப் எனப்படும் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் முதல் வெள்ளத்திலேயே சாக்கடை உள்ளே இறங்கும். ஒரு அடியாவது உயர்த்தியிருக்க வேண்டும். மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். அதைச் சமீபத்தில் மேலே மாற்றியிருந்தால், எதனால் மாற்றினார்கள் என்று கேளுங்கள். சுவரில் புது வண்ணத்துக்குக் கீழே நீளவாக்கில் ஒரு கோடு தெரிகிறதா? அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். வீட்டுக்காரரும் தரகரும் "இங்கெல்லாம் தண்ணியே வராது" என்பார்கள். தெருமுனை டீக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் 2015-இல் எவ்வளவு, 2023-இல் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தெருப் பெயரில் ஏரி, ஏரிக்கரை, லேக், தாங்கல் என்று இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். தரைத்தளம் வேண்டாம், முதல் மாடி பாருங்கள். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் லிப்ட்டோடு பாருங்கள், ஆனால் மின்சாரம் மூன்று நாள் போகக்கூடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஜூனில் பெரிய முன்பணம் கொடுத்து நிரந்தரமாக எதையும் எடுக்காமல், நண்பர் வீட்டிலோ சின்ன வாடகையிலோ நான்கு மாதம் ஓட்டுங்கள். அக்டோபர் கடைசியில் ஒரு இரவு நன்றாகப் பெய்து முடித்ததும், காலை ஆறு மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிடித்துப்போன தெருவில் போய் நின்று பாருங்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை என்றால், அந்தத் தெருவில் கிழக்கே பார்த்த ஜன்னல் உள்ள வீடாகத் தேடுங்கள். வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அந்த ஜன்னல் திரை உள்ளே பறக்கும்போது அம்மா நிம்மதியாகத் தூங்குவார்கள்.